மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

எங்கள் பூங்காவுக்கு வருகிறவர்கள் ராட்டினத்தைப் பார்ப்பார்கள், தண்ணீர்ச் சறுக்கைப் பார்ப்பார்கள், நான் தைத்த கரடியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். சிகரெட் கூண்டை மட்டும் யாரும் தேட மாட்டார்கள், வாய் நமநமக்கிற ஆளைத் தவிர. அவன் வந்த அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவான். கழிப்பறைக்கு வழி கேட்கக் கூச்சப்படுகிறவன்கூட அதற்கு வழி கேட்கக் கூச்சப்பட மாட்டான்.

கூண்டு என்றால் அடைத்த கூண்டு இல்லை. மூன்று பக்கம் இடுப்பு உயரக் கம்பி, மேலே தகரம், உள்ளே நாலு பெஞ்சு, தூண் வைத்த மூன்று மணல் தட்டு. தரையில் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் கோடு. கோட்டுக்கு உள்ளே நின்று பிடித்தால் விருந்தாளி. ஒரு கால் வெளியே வந்தால் காவலாளி விசில் ஊதிவிடுவான். விசில் ஊதவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அங்கே ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். அவளைக் கூண்டுக்காரி என்றே பூங்கா முழுக்கக் கூப்பிடும். நானும் அப்படியே சொல்கிறேன். என்னைக் கரடியக்கா என்பார்கள். பொம்மை உடுப்புகளைத் தைக்கிறதும் ஒட்டுப்போடுகிறதும் என் வேலை. முப்பது வருடம் தைத்தும் எனக்கு ஒரு நல்ல பேர் வாங்கத் தெரியவில்லை.

கூண்டுக்காரி வேலை செய்கிற அழகைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் மணலைச் சலிப்பாள். தட்டில் பரப்பி, மட்டப்பலகையால் ஒரே தடவலாகத் தடவுவாள். நடுவில் பூங்காவின் நட்சத்திர மர அச்சை வைத்து அழுத்துவாள். முதல் ஆள் வந்து சிகரெட்டை அந்த நட்சத்திரத்தின் நெஞ்சில் குத்தும்போது எனக்கே வயிறு எரியும். அவளுக்கு எரியாது. "குத்தத்தானே அக்கா வச்சிருக்கு?" என்பாள்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், விருந்தாளியிடம் 'கூடாது' என்ற சொல் கூடாது. கோட்டைத் தாண்டி நிற்கிறவனிடம் போய்ச் சிரித்த முகமாக, "சார், கொஞ்சம் கோட்டுக்கு உள்ள நில்லுங்க. பிள்ளைங்க போற வழி" என்பாள். எப்பேர்ப்பட்ட முரடனும் "சாரிம்மா" என்று காலை உள்ளே இழுத்துக்கொள்வான். பெண்கள் வந்தால் அதே சிரிப்பு, அதே வரி, 'மேடம்' மட்டும் மாறும். ஒரு தடவை மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்து கூண்டுக்குள் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். இவள் நடுவில் போய், "சார், நீங்க இந்தத் தட்டு, சார், நீங்க அந்தத் தட்டு" என்று பிரித்துவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி என் தையல் அறையில் உருண்டு சிரிப்பாள்.

சிகரெட்டின் அடிக்கட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். முறுக்கி அணைத்தால் கோபக்காரன். பாதியில் போட்டால் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். உதட்டுச் சாயம் இருந்து, பஞ்சு வரைக்கும் எரிந்திருந்தால் பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்த தாய். "நீ ஜோசியமே பார்க்கலாம்டி" என்பேன்.

சாம்பலை அள்ளுவதில்தான் அவள் படுகறார். வாளியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, குச்சியால் கலக்கி, அரை மணி நேரம் அப்படியே வைப்பாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுப் புறங்கையை அந்தக் கரிச்சேற்றில் வைத்துப் பார்ப்பாள். உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது, புறங்கைதான் பொய் சொல்லாது என்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் பின்பக்கக் குப்பைத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போவாள். ஏழு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

அவள் கணவன் பாம்பு ரயிலை ஓட்டுகிறவன். வளைந்து வளைந்து மேலே ஏறித் தலைகுப்புற இறங்குமே, அதற்குப் பூங்காவில் அதுதான் பேர். நல்ல உயரம், நல்ல குரல், வாய் நிறையச் சிரிப்பு. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். "பிடிச்சுக்கோங்க, கடவுளை இல்லை, கம்பியை!" என்று ஒலிபெருக்கியில் அவன் சொல்வதைக் கேட்கவே கூட்டம் நிற்கும். அவன் வேலை நிரந்தரம். ஊழியர் குடியிருப்பில் வீடு அவன் பேரில். என் வீடும் அவர்கள் வீடும் ஒட்டினாற்போல. இடையில் ஒரு சுவர், பின்னால் பொதுவான முற்றம், ஒரு குழாய்.

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரே பெண். அதற்கு மூச்சிழுப்பு. இழுப்பு வந்தால் அந்தச் சின்ன மார்புக்கூடு ஏறி இறங்குகிற சத்தம் எனக்குச் சுவர் தாண்டிக் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தடவை ரொம்ப மோசமாகிப் போனது. வீட்டில் புகைவாடையே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே அவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் படகுக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் கண் முன்னால் தன் லைட்டரைத் தண்ணீரில் எறிந்தான். "இதோட முடிஞ்சது. பாப்பா சாட்சி" என்றான். பிள்ளை கைதட்டியது. கூண்டுக்காரி அதை என்னிடம் சொல்லும்போது அழுதாள், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு வீட்டில் புகைவாடை வந்தால் அது யாரால்? இவளால்தான் இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கூண்டில் நிற்கிறவள் இவள்தானே? அவனே சொன்னானாம், "உன் துணிதாம்மா, தலைமுடிதாம்மா. நான் உன்னைக் குத்தம் சொல்லல. வேலை அப்படி." அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்ததும் என் அறைக்கு வருவாள். சீருடையைக் கழற்றி என் சுவர் ஆணியில் மாட்டுவாள். வேறு சேலை கட்டிக்கொண்டு, நான் தைப்பதைப் பார்த்தபடி ஒரு டீ குடிப்பாள். வீட்டுக்குப் போனதும் முற்றத்துக் குழாயில் தலையோடு குளிப்பாள். பிள்ளை மூக்கைச் சுளித்தால் மறுபடியும் குளிப்பாள். பனிக்காலத்திலும் பச்சைத் தண்ணீர்தான். "ஜன்னி வந்து செத்துத் தொலையாதேடி" என்று ஜன்னலிலிருந்து கத்துவேன். "நாத்தம் போகலையே அக்கா" என்பாள்.

போகாது. எப்படிப் போகும்? எனக்குத் தெரியும் ஏன் போகவில்லை என்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

ரயில், ராட்டினம் ஓட்டுகிறவர்கள் சட்டைக்குப் பை கிடையாது. குனியும்போது எதாவது விழுந்து இயந்திரத்தில் சிக்கிவிடும் என்று பையில்லாமலே தைக்கச் சொல்லி உத்தரவு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவன் வந்து, "அக்கா, ஒரு சின்ன உதவி. பல்வலி மாத்திரை வச்சுக்க இடமில்லை. அக்குளுக்குக் கீழ உள்பக்கமா ஒரு சின்னப் பை வச்சுக் கொடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான். நானும் தைத்தேன். தைத்து முடிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவது என் வழக்கம். அதிலும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே சட்டை கிழிசலுக்கு வந்தது. பையை உதறினேன். புகையிலைத் தூள் கொட்டியது.

"தம்பி, பல்வலிக்கு இதுதான் மாத்திரையா?" என்றேன்.

"ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு அக்கா. அந்த ரயிலை ஏத்தி இறக்கி மண்டை காஞ்சு போகுது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. குடும்பம் ரெண்டு பட்டுடும்."

"அவ ரெண்டு வேளை குளிக்கிறாடா!"

"குளிக்கிறது நல்லதுதானே" என்று அந்த உடைந்த பல் தெரியச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் என் பாவம். குடும்பத்தைக் கெடுப்பானேன், எனக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டேன். அவனும் கனமான கரடி மூட்டைகளை எனக்காகத் தூக்கி வைப்பான், கேன்டீனிலிருந்து ரொட்டி வாங்கி வருவான். நல்ல பிள்ளை என்றே நினைத்துக்கொண்டேன்.

போன கோடையில்தான் தீப்பிடித்தது. காற்றே நெருப்பாக அடித்த நாள். சாயங்காலம் நாலு மணி. பாம்பு ரயில் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஒதுக்குப்புறம். ஒரு பக்கம் குப்பைத் தொட்டி. பத்தடி தள்ளி என் பழைய கரடித் தலைகளையும் பஞ்சு அடைத்த உடம்புகளையும் அடுக்கி வைத்திருந்தோம். அதுதான் பற்றிக்கொண்டது. பஞ்சும் ரப்பரும் சேர்ந்து எரிந்த கரும்புகை ரயிலுக்கு மேலே எழுந்தது. மேலே பாதி வழியில் நின்றுபோன பெட்டிகளில் பிள்ளைகள் அலறினார்கள். அவர்களை ஒவ்வொருவராக இறக்கியவன் அவன்தான், அதை மறைக்கக் கூடாது. யாருக்கும் காயமில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் வாந்தி எடுத்தாள். பூங்காவை அன்றைக்கு அப்படியே மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கரியை அள்ளக் கூண்டுக்காரியைத்தான் அனுப்பினார்கள். குப்பைத் தொட்டி அவள் சாம்பல் கொட்டுகிற இடம், அதனால் குற்றம் யார் தலையில் விழும் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் அறைக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் கரி. கதவைச் சாத்தினாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் பிரித்தாள்.

ஒரு கைப்பிடி சிகரெட் அடிக்கட்டைகள். சில கருகியவை, சில மழையில் ஊறிக் காய்ந்தவை. எல்லாமே பல்லால் கடித்துத் தட்டையாக்கியவை. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் மட்டும் கடி படாமல் சின்னதாகப் புடைத்திருந்தது.

"கரடிங்களுக்குப் பின்னால தூண்ல ஒரு ஓட்டை இருக்கு அக்கா. அதுக்குள்ள திணிச்சு வச்சிருந்தது. ஒண்ணு மட்டும் கீழ, எரிஞ்ச பஞ்சு கிட்ட."

ஒரு கட்டையை எடுத்து அந்தப் புடைப்பை விரலால் காட்டினாள்.

"கை ரெண்டும் வேலையா இருக்கிறவன் பல்லுலதான் பிடிச்சுக்குவான். பல்லு மூலை உடைஞ்சிருந்தா அந்த இடம் மட்டும் அமுங்காது. ஊர் உலகத்துக் கட்டையெல்லாம் பார்த்து ஆள் சொன்னேனே, என் வீட்டு ஆளைச் சொல்லத் தெரியலையே."

"சாம்பலால இல்லைன்னு ஆயிடுச்சில்ல? இதைக் கொண்டு போய்க் காட்டு" என்றேன்.

"காட்டினா அவர் வேலை போயிடும். அவரே சொல்லிடுவாரு அக்கா. தப்பு நடந்துபோச்சுன்னு அவர் வாயால சொன்னா, சின்னத் தண்டனையோட விடுவாங்க. காலையிலகூட சோறு இறங்கல அவருக்கு. சொல்லத்தான் துடிக்கிறாரு." பொட்டலத்தை மடித்து மறுபடியும் இடுப்பில் சொருகினாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். "மூணு வருஷம் அக்கா. ரெண்டு ரெண்டு தடவை குளிச்சேனே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், எனக்கும் தெரியும்டி என்று. சொல்லவில்லை. கரடிக் காதைத் தைக்கிற மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை அதற்கடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கு. மேலாளர் அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடியது. மேலாளர், பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. எரிந்தது என் சாமான் என்பதால் என்னையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். கூண்டுக்காரி நின்றாள். அவன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அதிகாரி அவளிடம் ஆரம்பித்தார். "அன்னைக்குச் சாம்பலை எத்தனை மணிக்கு எடுத்தே?"

"ஒரு மணிக்கு சார். தண்ணி ஊத்திக் கலக்கி வச்சேன். ஒன்றரைக்குப் புறங்கை வச்சுப் பார்த்துட்டுத்தான் கொட்டினேன். ஜில்லுன்னு இருந்துச்சு சார்."

"ஜில்லுன்னு இருந்தது எப்படிம்மா பத்தும்? நெருப்பில்லாம புகையுமா?"

"தொட்டியில பத்தல சார். பத்தடி தள்ளித்தான் பத்துச்சு."

"காத்து அடிச்சா பத்தடி என்ன, நூறடி போகும். சரி, அந்தப் பக்கம் சிகரெட்டோட யாராவது போறது உண்டா?" அதிகாரி அவனைப் பார்த்துக் கேட்டார்.

அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது. பயம் இல்லை அந்த முகத்தில். பிள்ளை பள்ளிக்கூட மேடையில் பாட ஏறும்போது கீழே உட்கார்ந்து, பயப்படாமல் பாடு என்று தலையாட்டுகிற தாயின் முகம்.

"யாரும் வர மாட்டாங்க சார். எங்க ஆளுங்க யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது" என்றான்.

"அவங்க சாம்பல் கொட்டினதைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"எப்போ?"

"மூணரை இருக்கும். ரெண்டாவது தடவையா வந்தா. வாளியில இருந்து புகை வந்துட்டு இருந்துச்சு. தண்ணி ஊத்தியான்னு கேட்டேன். அவசரம்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவளைத் தப்பு சொல்ல முடியாது சார். பாப்பாவுக்கு முந்தின நாள் இழுப்பு. அந்தக் கவலையில புத்தி ஒரு இடத்துல இல்ல."

அட பாவி! பொய்யைச் சொன்னதுமில்லாமல் அதற்குப் பிள்ளையின் இழுப்பைத் தொட்டுக்கொண்டானே! பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். 'இவன் அக்குளைச் சோதித்துப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பையைத் தைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். உத்தரவை மீறிச் சீருடையில் கைவைத்ததற்கு என்னையும் அனுப்புவார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூண்டுக்காரியின் கை இடுப்புக்குப் போனது. பொட்டலம் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, அவர் சொல்றது உண்மைதானா?" என்றார் மேலாளர்.

"அவர் சொன்னா சரிதான் சார்."

காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். சீருடை, மர அச்சு, மட்டப்பலகை எல்லாவற்றையும் நாளைக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள். "சரிங்க சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் என் அறைக்கு வரவில்லை. அவள் சீருடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் என் ஜன்னலுக்குள் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு எனக்கும் தெரியும். என்னை என்ன பண்ணச் சொல்றே? ரெண்டு பேரும் தெருவுல நிக்கணுமா? வீடு என் பேர்ல. பாப்பா வைத்தியம் என் பேர்ல. உன் வேலை போனா சமாளிச்சுக்கலாம். என் வேலை போனா குடும்பமே போச்சு. யோசிச்சுப் பாரு, நான் செஞ்சது நமக்காகத்தான்."

"எப்ப யோசிச்சீங்க இதை?"

"ராத்திரி பூரா. கண்ணே மூடல."

"நானும்தான் மூடல. பக்கத்துலதானே படுத்திருந்தேன்?" பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்தாள். குரல் உயரவே இல்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தப்பு பண்ணிட்டேன், நீ ஏத்துக்கோன்னு கேட்டிருந்தா, நானே போய் நான்தான் சார்னு சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். என்கிட்ட கேட்காம எடுத்துட்டீங்க."

"கேட்டா நீ அழுவே, சத்தம் போடுவே…"

"ஏழு வருஷத்துல ஒரு நாள் புறங்கை வைக்காம கொட்டினதில்ல. நான் அவசரக்காரின்னு நாலு பேர் முன்னால சொன்னீங்க. சரி, அதுவும் போகட்டும். அந்த நாத்தம்? பாப்பா இழுக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தீங்களே. உன்னாலதான்னு வாய் திறந்து சொல்லாம, பார்ப்பீங்களே. என் பிள்ளையை நானே கொல்றேன்னு நினைச்சுக்கிட்டு அந்தக் குழாயடியில நடுங்கிட்டு நின்னேனே, அப்பக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலையா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்று முனகினான். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் என் அறைக்கு வந்தாள். தன் சீருடைகளை ஆணியிலிருந்து எடுத்து மடித்தாள். அவள் கையில் அவனுடைய நீலச் சட்டையும் இருந்தது.

"துவைக்கலாம்னு எடுத்தேன் அக்கா. உள்ள ஒரு பை இருக்கு. கொஞ்சம் பிரிச்சுத் தர்றீங்களா?"

பையின் மூலையில் என் பெருக்கல் குறி. எத்தனை சாயங்காலம் இதே ஸ்டூலில் உட்கார்ந்து நான் அந்தக் குறி போடுவதைப் பார்த்திருக்கிறாள்!

"மாத்திரைக்குன்னு சொன்னான்டி…"

"எப்பத் தைச்சது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"மாத்திரை இல்லைன்னு எப்பத் தெரியும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு வருஷமும் என் துணி உங்க ஆணியிலதான் தொங்குச்சு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால், என் முகத்தில் காறித் துப்பியிருந்தால், தாங்கியிருப்பேன். கத்தரியை எடுத்து அந்தப் பையைப் பிரித்தேன். சட்டையையும் சேர்த்துக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்காக ஊற்றி வைத்த டீ அப்படியே ஆறிப்போனது.

அடுத்த திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. காலை வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. பெயின்ட் வாடை வந்ததால் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கூண்டுக்காரி குந்தி உட்கார்ந்து முற்றத்தின் கோடியில், குளியல் குழாய்க்கு அந்தப் பக்கம், மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கூண்டுக் கோட்டுக்கு மாதா மாதம் பூசி மிச்சமான டப்பா அவள் வீட்டில் இருந்திருக்கிறது. ஒரு சாண் அகலம், கயிறு பிடித்த மாதிரி நேர்கோடு. நாலு பக்கமும் கட்டம் முடிந்ததும் உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டாள். ஒரு தகரத் தட்டில் மணலைப் பரப்பி உள்ளங்கையால் மட்டம் தட்டினாள். மர அச்சைத்தான் வாங்கிக்கொண்டார்களே, அதனால் விரலாலேயே நட்சத்திரம் வரைந்தாள்.

அவள் மகள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன விளையாட்டும்மா இது?"

"விளையாட்டு இல்லடா கண்ணு. நீ கோட்டைத் தாண்டி வராதே, சரியா?"

கோடு காய்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள். 'என்னங்க' என்று கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"சார்."

அவன் வெளியே வந்தான். தூக்கக் கலக்கத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை. கட்டத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அவள் முகத்தில் கூண்டில் நிற்கும்போது வைத்திருப்பாளே, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அந்தச் சிரிப்பு.

"சார், உங்களுக்குன்னு இடம் போட்டிருக்கு. ஒளிஞ்சு பிடிக்க வேண்டியதில்ல. இங்கயே நிம்மதியாப் பிடிங்க."

"என்னடி இது, பிள்ளை முன்னால? சாருங்கிறே?"

"கொஞ்சம் கோட்டுக்கு உள்ள நில்லுங்க சார். பிள்ளை நடமாடுற இடம்." இடுப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "இதை நீங்க விட்டுட்டுப் போயிட்டீங்க சார்."

அவன் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான்? பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. பாம்பு ரயிலில் ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்த ஆள், பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி கட்டத்துக்குள் போய் நின்றான். உட்காரவும் இல்லை, புகைக்கவும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எதையாவது சாக்காக வைத்து அவளிடம் பேசிவிட வேண்டும், காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அடுப்பில் இருந்த ரவைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கினேன். பிள்ளைக்குக் கொடுக்கிற சாக்கில் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று கணக்கு. "ஏண்டி, பாப்பாவுக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டு வந்தேன்" என்று வாசற்படியைப் பார்த்து நடந்தேன்.

அவள் வந்து என் முன்னால் நின்றாள். ஏழு வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்டவள். அதே சிரிப்பு.

"மேடம், நீங்களும் கொஞ்சம் கோட்டுக்கு உள்ளயே நில்லுங்க" என்றாள்.

கஞ்சிக் கிண்ணம் கையைச் சுட்டது. நான் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். அவன் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றான்.